பச்சையில் நிற்கும் முள்

இதை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் வீட்டுப் புகைக்குழாய் துடைக்க வருகிற பெரியவர். போன வருஷம் குளிர் தொடங்கும்போது, வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார். எனக்கு முதலில் பாவமாகத்தான் இருந்தது.

பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். ஓய்வுக்குப் பிறகு நேரம் பார்க்க ஒரு பஸ்ஸும் இல்லை. காலை எட்டு மணிக்குக் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும், காபிக்கு. அவர் மனைவியோ ஐந்து மணிக்கே எழுந்து, சாம்பல் அள்ளி, விறகு சுமந்து, கூடத்து இரும்பு அடுப்பை மூட்டி வீட்டைச் சூடாக்கி வைத்திருப்பாள்.

ஒருநாள் அவள் கடையிலிருந்து வட்டமாக ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"என்னடி, கடிகாரமா?"

"அடுப்புக் குழாய்ல ஒட்டுற மீட்டராம். முள் மஞ்சள்ல நின்னா சூடு பத்தாதாம், குழாய்க்குள்ள தார் படியுமாம். சிவப்புக்குப் போனா அந்தத் தாரே பத்திக்குமாம். எப்பவும் பச்சையில நிக்கணுமாம். எனக்கு எங்கங்க இதெல்லாம் புரியுது? நீங்கதான் முள் பாத்தே பழகினவரு."

"பத்திக்கிட்டா?"

"கூரை போயிடும்னாங்க. கடவுள்தான் காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது என்பார்களே, அதை மனிதர் அன்று தொடங்கினார். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டார். கால் மணிக்கு ஒரு தரம் முள்ளைப் பார்த்து எழுதினார். மஞ்சளுக்கு இறங்கினால் 'லேட்'. சிவப்பை நெருங்கினால் 'அதிவேகம்'. குளிக்கும்போதுகூடச் சோப்பு நுரையோடு தலையை நீட்டுவார்.

"முள் எங்க நிக்குது?"

"நின்ன இடத்துலதான்."

"எந்த இடம்னு சொல்லுடி."

ஈர விறகு தார் விடும் என்று கேள்விப்பட்டதும், தானே பிளந்து தானே காயவைத்தார். விடியலில் குழாய் சில்லென்று இருக்கும்போது மூட்டுகிற முதல் நெருப்புதான் ஆபத்து என்று தோன்றியதும், ஐந்து மணிக்குத் தானே எழுந்தார்.

"நீ தொடாத."

"நான் ஏங்க தொடப்போறேன்?" போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

மூன்றே வாரம். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"நாளையிலேருந்து நீயே பாத்துக்கடி."

"அதுக்கென்ன. பெரிய கட்டையா நாலு திணிச்சு, அடுப்போட காத்துக் கதவை முழுசாத் திறந்துவிட்டுடறேன். அந்தச் சிவப்புதாங்க பாக்க அழகா இருக்கு."

டைம் கீப்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். "நீ படு."

அடுத்த வாரம் பெரியவர் போய்க் குழாயைத் துடைத்தார். ஒரு கைப்பிடிக் கரிதான் விழுந்தது. பக்கத்தில் டைம் கீப்பர் நோட்டும் கையுமாக நின்றார்.

"தார் ஏதாவது?"

"சுத்தமா இருக்குங்க ஐயா."

"இருக்காதா பின்ன? நான் பாத்ததால ஆச்சு. இவகிட்ட விட்டிருந்தா கூரை எப்பவோ போயிருக்கும்."

பெரியவர் அந்தக் குழாயை இருபது வருஷமாகத் துடைக்கிறார். வருஷா வருஷம் அதே ஒரு கைப்பிடிதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். கணவருக்குப் பின்னால் நின்ற அந்த அம்மா மெல்லத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. பெரியவர் விழுந்த கரியை அள்ளத் தொடங்கினார்.

டைம் கீப்பர் விறகைத் திருப்பிப் போட வெளியே போனதும் பெரியவர் கேட்டார்: "ஏம்மா, இத்தனை வருஷம் மீட்டர் இல்லாமலே சுத்தமாத்தான வெச்சிருந்தீங்க?"

"கிட்டப் போனாலே எனக்குச் சூடு தெரிஞ்சிடும்ணே."

"அப்புறம் மீட்டர் எதுக்கு?"

"அது அடுப்புக்கு இல்லண்ணே."

இப்போது அவள் ஏழரை வரை தூங்குகிறாளாம். முள் பச்சைக்கு வந்ததும் அடுப்பின் மேலேயே தண்ணீர் வைத்து, காபி கலந்து அவளை எழுப்புகிறாராம் அவர். விடியலில் நான் பிரார்த்தனைக்கு எழும்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும். அவள் நன்றாகத் தூங்கட்டும், தாயே என்று வேண்டிக்கொள்வேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த டைம் கீப்பரை எங்காவது பார்த்தால், இதைச் சொல்லிவிடாதீர்கள்.