முதலிடத்துக்கு ஒரு நாற்காலி குறைகிறது

செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பாவிட்டால் உன் அம்மா விடமாட்டாள்.

உன் ஆராய்ச்சியில் நாலு நாட்டுத் தொழிலாளர்களை ஒப்பிட்டதில் எங்கள் கையுறைத் தொழிற்சாலைதான் மனநிறைவில் முதலிடம் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் நாடே நமக்குப் பின்னால் நிற்கிறது என்றால், அந்த நாட்டுக்கு நான் செய்த துரோகம் சின்னதா?

நடந்தது இதுதான். நீ அனுப்பிய நாற்பது கேள்வித்தாளையும் பணியாளர் நல அதிகாரியான நானே கொடுத்திருக்க வேண்டும். சோம்பல்பட்டு மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் பரீட்சை என்று நினைத்து எல்லோரையும் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, "பார்த்து எழுதினா பேப்பரைப் பிடுங்கிடுவேன்" என்று சுற்றி வந்திருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும், 'திருப்தி இல்லை' என்று போட்டவர்கள்கூட அழித்துவிட்டு 'மிகவும் திருப்தி' என்று போட்டார்கள். வெட்டு மெஷின்காரர் மட்டும் கையைத் தூக்கினார். "சார், 'நிர்வாகம் உங்க கருத்தைக் கேட்குதா'ன்னு இருக்கு. இதுவரைக்கும் கேட்டதில்ல, இப்ப கேட்குறீங்க. ஆமான்னு போடவா, இல்லைன்னு போடவா?" நான் யோசிப்பதற்குள் மேற்பார்வையாளர், "ஆமான்னு போடுய்யா" என்றார்.

'இயக்குநர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி அமர்கிறாரா' என்று கேட்டிருந்தாய் அல்லவா? பேக்கிங் பிரிவில் எட்டு மணி நேரமும் நின்றபடி பெட்டி கட்டும் ஓர் அம்மா, "எங்க பிரிவுல உட்கார நாற்காலியே இல்ல. மூணு வருஷமா கேக்கிறேன். முழங்கால் வீங்கியிருக்கு" என்று எழுதியிருந்தார். பெயர் போடாத தாள்தான். ஆனால் மூன்று வருஷமாகக் கேட்டது யாரிடம்? என்னிடம்தானே. மகள் முன்னால் தலை குனியக் கூடாதென்று அந்தத் தாளை இழுப்பறையில் போட்டுவிட்டு, வேறு தாளில் நானே 'மிகவும் திருப்தி' என்று நிரப்பி அனுப்பினேன்.

அதோடு முடிந்ததா? தினமும் காலையில் அந்த அம்மா என்னை வாசலில் பிடித்துக்கொள்வார். "சார், உங்க பொண்ணுகிட்டயிருந்து பதில் வந்துச்சா?"

"வரும்மா, தூரமில்லையா."

"எவ்வளவு தூரம்னாலும் பரவால்ல சார். படிச்ச பொண்ணு, பார்த்துச்சுன்னா சும்மா விடாது."

ஐந்து மாதம் இப்படி. அப்புறம் நான் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தேன்.

போன திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. மனசு கேட்கவில்லை. மறுநாள் என் நாற்காலியையே பேக்கிங் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சக்கரம் வைத்தது. சரிவில் என்னை முந்திக்கொண்டு ஓடி, அடுக்கியிருந்த பெட்டிகளில் மோதி, பெட்டியெல்லாம் மேற்பார்வையாளர் தலையில். அவரைத் தோண்டி எடுத்துவிட்டு, "எங்கேய்யா அந்த அம்மா?" என்று அவரையே கேட்டேன்.

"சனிக்கிழமையே வேலையை விட்டு நின்னுட்டாங்களே சார். நிக்க முடியலையாம். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு முன்வாசல்ல ரொம்ப நேரம் நின்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தாளை மறைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "பரவால்ல சார், உட்காருங்க" என்று வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லையம்மா. எப்படி உட்காருவது?

ஆகவே எங்கள் தொழிற்சாலையை அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிடு. அந்த அம்மாவின் நிஜத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பேராசிரியர் திட்டினால் என் பெயரைச் சொல். நீ எங்கிருந்தாலும் குறையில்லாமல் நன்றாக இரு, தாயே.

உன்னை நினைத்தபடி,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பொது மேலாளர் கூப்பிட்டார். முதலிடச் செய்தி அவர் காதுக்கும் எட்டிவிட்டது, எல்லாம் உன் அம்மா வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்க்க வருகிறார்களாம். இவ்வளவு மனநிறைவு எப்படி வந்தது என்று நான்தான் அவர்களுக்கு விளக்க வேண்டுமாம். அதற்காகவே, ஓய்வுபெறவிருந்த எனக்கு இரண்டு வருஷம் பணி நீட்டிப்பும் கொடுத்திருக்கிறார். "நன்றி சார்" என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு முதலிடத்திலேயே இருக்கட்டும். தாளை உறையிலிருந்து எடுத்துவிட்டேன்.