எந்தச் சுவரில் வெடிப்பு, சார்?

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காளும் நானும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். விண்வெளித் தொலைநோக்கிக் குழுவின் தலைவருக்கு நலத்தில் என்ன குறை வந்துவிடப் போகிறது? நாம் கடைசியாகப் பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காரணம் மறந்திருந்தால், நீங்கள் பதவியேற்ற அன்று எடுத்த குடும்பப் படத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில், பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரியும். அது நான். கேட்டதற்கு, "பின்னணியில இருக்கீங்களே அத்தான்" என்று சிரித்தீர்கள். அது போகட்டும். போகாது, இருந்தாலும் போகட்டும்.

எங்கள் கல்லூரியில் அடுத்த பருவத்திலிருந்து விண்வெளி இயற்பியல் என்று ஒரு புதுப் பாடம் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஆய்வுக்கூடத்தில் ஊசல்குண்டை ஆட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, அதை நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. உங்கள் குழுவின் பயிற்சியில் சேர்ந்து, வானில் எங்கோ நிகழ்ந்த காமாக் கதிர் வெடிப்பு ஒன்றைப் பகுத்தாய்ந்து, திங்கட்கிழமைக்குள் வரைபடம் அனுப்பித் தேறினால் பாடம் எனக்கு. இல்லையென்றால் நேற்று வந்த சின்ன வாத்தியாருக்கு. அவர் இப்போதே என் நாற்காலியில் உட்கார்ந்து உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்.

தொலைநோக்கி என்றீர்கள், கண்ணை வைத்துப் பார்க்க அதில் இடமே இல்லை. நாலா பக்கமும் டிடெக்டர்கள், அவை தம்மேல் வந்து விழும் துகள்களை எண்ணுகின்றனவாம், வெடிப்பு நடந்தால் எண்ணிக்கை சட்டென்று ஏறுமாம், நடக்காதபோதும் சும்மா இருக்க முடியாமல் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்குமாம், அதற்குப் பெயர் பின்னணியாம். இந்தச் சொல்லை நீங்கள் விடுவதாக இல்லை. பின்னணியை அளந்து கழித்துவிட்டால் வெடிப்பு மட்டும் தலைநிமிர்ந்து நிற்கும் என்கிறது உங்கள் கையேடு. கழித்தேன். வரைபடத்தில் நடுவே பாய் விரித்ததுபோல் தரை, இரு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் எண்ணிக்கை மைனஸ். ஒருவரும் வரவில்லை என்றால் புரிகிறது. ஒருவரும் வராததைவிடக் குறைவாக வந்தார்கள் என்றால் என்ன அர்த்தம் மாப்பிள்ளை?

கத்தியது என் தப்புதான். "இவ்வளவு பெரிய வெடிப்புன்னு போட்டிருக்கான், எங்கேன்னே தெரியலையே!" கீழே குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துவிட்டார்.

"எந்தச் சுவத்துல சார் வெடிப்பு?"

"சுவத்துல இல்லைங்க, வானத்துல."

"அப்ப மொட்டை மாடியா?"

"ஐயா, இது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நடந்தது."

"பாத்தீங்களா! நீங்க குடி வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு என் தலையில கட்டப் பாக்கறீங்க."

மறுநாள் காலையில் கொத்தனார் வந்து நிற்கிறார். மேசையை இழுத்து, கம்ப்யூட்டர்மேல் சாக்கைப் போட்டு மூடி, புத்தக அலமாரியை நகர்த்தி, அதன் பின்னால் கை நீளத்துக்கு நிஜமாகவே ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். இந்த வீட்டில் வெடிப்பைத் தேடிய இருவரில் தேறியவர் அவர்தான். "கரெக்டாத்தான் சொல்லியிருக்கீங்க சார்" என்று உரிமையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். இந்த வருஷத்தில் என்னை ஒருத்தர் பாராட்டினது அதுக்குத்தான். உங்க அக்கா வேற, "என் தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"ன்னு நிக்கறா. குறைஞ்சுதான் போவேன். ஏற்கெனவே முழங்கைதான் மிச்சம்.

ஆகவே என் முடிவைத் தெரிவிக்கிறேன். வெடிப்பே இல்லாத தரவைத் தேடிப் பிடித்து எனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பயிற்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன். பாடத்தைச் சின்ன வாத்தியாரே நடத்தட்டும். ஊசல் எனக்குப் போதும்; எவ்வளவு தூரம் போனாலும் அது திரும்பி வருகிறது, சில உறவினர்களைப் போல் இல்லை.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. குழந்தை நீடூழி வாழட்டும். உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் கணவன்
(பூந்தொட்டிக்குப் பின்னால்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, திரையில் படிந்த சிமென்ட் தூசியைத் துடைத்துக்கொண்டே உங்கள் அக்காள் கேட்கிறாள்: "வெடிப்புக்கு முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் எடுத்துத்தானே பின்னணியை அளக்கச் சொல்லிக் கையேட்டுல போட்டிருக்கு? நீங்க நட்ட நடுவுல இல்ல எடுத்திருக்கீங்க?" வெடிப்பையே பின்னணி என்று நினைத்துக் கழித்திருக்கிறேன். முக்கியமானவரைப் பின்னணி என்று நினைப்பது இந்தக் குடும்பத்தில் உங்களுக்கு மட்டும் வரும் வியாதி இல்லைபோலும். மாற்றிப் போட்டேன். கொடிக்கம்பம் மாதிரி எழுந்து நிற்குது மாப்பிள்ளை! வரைபடம் இத்துடன் இருக்கிறது. விலகல் வாபஸ். இரண்டு தாள் எழுதியபின் கிழிக்க மனம் வரவில்லை. எனவே மேலே, நலம் சொன்ன முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைப் பின்னணியாகக் கொண்டு கழித்துவிடவும்.

முழங்கை மட்டும் கழியாது.