சொருகினால் செத்துப்போகும் லேப்டாப்

மூன்றாவது முறையாக ஆசீர் டாக்கின் ஒயரை லேப்டாப்பில் சொருகினான். மேசைமேல் இருந்த இரண்டு பெரிய திரைகளும் ஒரு நொடி வெளுத்தன. அடுத்த நொடி எல்லாம் இருண்டு, திறந்து வைத்திருந்த வரைபடங்கள் மாயமாகி, பாஸ்வேர்டு கேட்டபடி லேப்டாப் முதலிலிருந்து தொடங்கியது.

டாக் என்பது சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. இரண்டு திரை, கீபோர்டு, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே ஒயரில் லேப்டாப்போடு சேர்த்துவிடும். சேர்க்க வேண்டும்.

"என்னங்க, ஆச்சா?" அடுப்படியிலிருந்து ஜாஸ்லின் கேட்டாள்.

"ஆயிட்டிருக்கு."

ஆகித்தான் தீர வேண்டும். எடமலைப்பட்டி புதூர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆசீர் ஒரு சென்னைக் கம்பெனிக்குக் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் இரண்டு திரை வைத்திருக்கிறார்களா என்று சனிக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் பார்ப்பேன், இல்லாதவர்கள் திங்கட்கிழமை சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று மேனேஜர் அனுபமா சொல்லியிருந்தார். ஜாஸ்லினுக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமானது போன மாதம்தான். இன்று சனிக்கிழமை. மணி பதினொன்று.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். தெருமுனைக் கடைக்காரர், "விண்டோஸ்னா பார்த்துடலாம் சார்" என்று கும்பிடாத குறையாக அனுப்பிவிட்டார். லினக்ஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கேட்டதற்கு, பதில் போட்டவர் ஒரே ஒருவர்தான். உறையூர் சேக் மைதீன். போட்ட கையோடு போனிலும் வந்துவிட்டார்.

"என்ன டாக் சார்?"

ஆசீர் பெயரைச் சொன்னான்.

"லேப்டாப்?"

அதையும் சொன்னான்.

"அட!" என்றார் சேக் மைதீன். "கவலைய விடுங்க. நாலு வழி இருக்கு. ஒண்ணொண்ணா செஞ்சு பாருங்க. என்ன ஆவுதுன்னு மட்டும் எனக்குக் கரெக்டா சொல்லிடணும்."

முகம் தெரியாத மனிதருக்கு இவ்வளவு அக்கறையா! ஆசீர் நெகிழ்ந்துபோனான்.

முதல் வழி, பாஸ்வேர்டு போடும் இடத்தில் கீழே இருக்கும் பல்சக்கரப் படத்தை அமுக்கி, திரையை ஓட்டும் முறையை மாற்றுவது. மாற்றினான். ஒயரைச் சொருகியதும், இம்முறை பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் லேப்டாப் அப்படியே உறைந்துபோனது.

"மவுஸ்கூட நகரல பாய்."

"மவுஸும் போச்சா? சரி, அப்ப அது வேண்டாம்." பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. "அடுத்தது, டாக்குக்குன்னு தனியா ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் இருக்கு. அதைப் போடுங்க."

போட்டான். பெரிய திரை ஒன்றில் படம் வந்தது. தலைகீழாக. கழுத்தை ஒடித்துக்கொண்டு ஆசீர் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது லேப்டாப்பின் சொந்தத் திரை அணைந்துபோனது.

"சுத்தமாவா?" என்றார் சேக் மைதீன் பதறிப்போய். "திரும்ப வந்துடுமில்ல?"

அரை மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு வந்தது. மூன்றாவது வழி, லினக்ஸின் அடித்தளமான கெர்னலையே புதிதாக ஏற்றுவது. ஏற்றினான். வைஃபை காணாமல் போனது.

"ஐயையோ, வைஃபை வேணுமே!" தன் வீட்டு வைஃபை போனதுபோல் துடித்தார் அவர்.

தட்டில் சோற்றோடு ஜாஸ்லின் வந்து நின்றாள். "அவரு சொல்றதையெல்லாம் செஞ்சுதான் ஆகணுமா?"

"விஷயம் தெரிஞ்ச மனுஷன் ஜாஸ்லின். ஒவ்வொண்ணையும் நோட்டு போட்டு எழுதிக்கிறாரு."

"காலையில சொருகினா மட்டும்தான் செத்துச்சு. இப்ப சொருகாமலே சாகுது."

நான்காவது வழி, லேப்டாப் உயிர்பெறும்போதே உள்ளே புகுந்து சில அமைப்புகளை மாற்றுவது. சேக் மைதீனின் குரல் தணிந்தது. "இது கொஞ்சம் ரிஸ்க்கு சார். ஆனா உங்களுக்குத் தைரியம் இருக்கு."

அந்தத் தைரியத்தில் மாற்றினான். லேப்டாப் கறுத்தது. கறுப்பில் வெள்ளை ஆங்கில எழுத்துகள் சரசரவென்று கொட்டி நின்றன. பிறகு எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

செல்போனில் அனுபமா வந்தார். ஆசீர் மேசையைக் காட்டினான். இரண்டு பெரிய திரைகளிலும் அதே வெள்ளை எழுத்துகள்.

"என்ன ஆசீர் ஓடுது?"

"டெஸ்டிங்... மேடம்."

"ரெண்டும் எரியுதுல்ல? போதும். டிக் போட்டுட்டேன். இன்னும் பதினாறு பேரைப் பார்க்கணும்."

போன் அணைந்தது. ஜாஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வேலை தப்பியது. லேப்டாப்தான் தப்பவில்லை. "நேர்ல எடுத்துட்டு வாங்க சார், நானும் கண்ணால பார்க்கணும்" என்றார் சேக் மைதீன். நாள் முழுக்கத் தனக்காக மெனக்கெட்டவருக்கு அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு, ஆசீர் உறையூருக்கு வண்டியை விட்டான்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி சம்ரீன். "வாங்கண்ணே, உக்காருங்க. தொழுகைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு."

கூடத்து மேசையில் அச்சு அசலாக ஆசீருடையதைப் போலவே ஒரு லேப்டாப், நல்ல உயிரோடு இருந்தது. பக்கத்தில், ஒட்டிய டேப்கூடக் கிழிக்காமல், அதே டாக்கின் டப்பா. அதன்மேல் ஒரு நோட்டு.

"இது..." என்றான் ஆசீர்.

"வாங்கி ரெண்டு வாரமாச்சுண்ணே. யாராச்சும் ஒருத்தர் மொதல்ல மாட்டிப் பார்க்கட்டும், அப்புறம் பிரிப்போம்னு இருந்தாரு," என்றார் சம்ரீன். "நீங்களே சொல்லுங்க, பிரிக்கலாமா, இல்ல கடைக்கே திருப்பி அனுப்பிடலாமா?"