குடைக்குப் பயந்த ரோவர்

மேற்குத் தாம்பரம்,
18-11-1971

மரியாதைக்குரிய வீட்டு உரிமையாளர் சுந்தரராமன் சார் அவர்களுக்கு,

தங்கள் வீட்டில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியர் ஜெபராஜ் பணிவுடன் எழுதுவது. தாங்களும் மாமியும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். இங்கே நானும் என் மனைவி ஹில்டாவும் சுகம். நாயும் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் கூரை ஒழுகுவதைப் பார்க்கத் தாங்கள் வந்தபோது எங்கள் ரோவர் தங்கள் வேட்டியைக் கிழித்தது உண்மை. "அடுத்த மாசக் கடைசிக்குள்ள நாய் போகணும், இல்லேன்னா நீங்க போகணும், மிஸ்டர் ஜெபராஜ்" என்று தாங்கள் சொன்னதும் நியாயமே. ஹில்டா ரோவரைக் குளிப்பாட்டி, தலையைத் துவட்டி, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும்.

அஸ்தினாபுரத்தில் இருக்கும் எங்கள் பள்ளி வாட்ச்மேன் சாலமோன் நாயை வளர்க்கச் சம்மதித்திருந்தார். போனதும் ரோவர் அவர் கையை நக்கியது, அவர் போட்ட பொறை ரொட்டியைத் தின்றது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, நான் கிளம்பும் நேரம் பார்த்துத் தூறல் போட்டது, பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடலாம் என்று அந்த நல்ல மனிதர் குடையை விரித்தார், அவ்வளவுதான், ரோவர் பாய்ந்து அவர் கால்சட்டையைக் கவ்விக்கொண்டது. "இன்னா சார், நாயக் குடுக்க வந்தீங்களா, கடிக்க வுட வந்தீங்களா? இட்டுக்கினு போங்க!" என்றார்.

நனைந்துகொண்டே திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. தாங்களும் அன்று குடையைத்தான் மடக்கிக்கொண்டிருந்தீர்கள். ஆக, ரோவருக்குத் தங்கள் மேல் தனிப்பட்ட பகை ஏதுமில்லை.

கால்நடை டாக்டரும் அதையே சொன்னார். "குட்டியில யாரோ குடையால அடிச்சிருப்பாங்க. இது கோபம் இல்ல சார், பயம். நீங்களும் அடிச்சா உங்களையும் பாத்துப் பயப்படும். உறுமினாத் திட்டாதீங்க. அது எச்சரிக்கை. அதை அடக்கிட்டா, சொல்லாமக் கடிக்கும்."

அன்று முதல் மடக்கிய குடையை முற்றத்து மூலையில் போட்டு, ரோவரைத் தூரத்தில் நிறுத்தி பிஸ்கட் கொடுத்தோம். மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்தோம். ஒருநாள் ஹில்டா அவசரப்பட்டுக் குடையைப் பட்டென்று விரிக்க, ரோவர் கட்டிலடியில் புகுந்து உறுமியது. மறுபடி மூலையிலிருந்து ஆரம்பித்தோம். வெயிலுமில்லாமல் மழையுமில்லாமல் நான் முற்றத்தில் குடை பிடித்து நடப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பட்டு மாமி, "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஹில்டாவிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

இப்போது குடையைக் கண்டால் ரோவர் வாலை ஆட்டுகிறது. முழுக்கக் குணமாகிவிட்டது. தாங்கள் தைரியமாக, குடையுடனேயே வந்து பார்த்து, எங்கள் மூவரையும் இருக்கவிட வேண்டும். தங்கள் குடும்பத்துக்குக் கர்த்தர் குறைவில்லாத சமாதானம் தருவாராக.

தங்கள் விசுவாசமுள்ள,
ஜெ. ஜெபராஜ்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கூரை பார்க்கத் தங்கள் மகன் ஸ்ரீரங்கன் வந்திருக்கிறார். குடை கொண்டுவரவில்லை. புத்தம்புது மழைக்கோட்டு போட்டு வந்தார். தம்பிக்குக் காயம் ஏதுமில்லை. மேசை மேல் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். கோட்டின் ஒரு கை ரோவரிடம் இருக்கிறது. மீதிக் கோட்டை அவர் தயவுசெய்து இங்கேயே விட்டுப்போகட்டும். நாளைக் காலை முதல் முற்றத்து மூலையில் அதைப் போட்டுவைக்க வேண்டும்.