கை நனைக்காத அழுத்தக்காரர்

அழுத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. கோபமா, குஷியா, பல்வலியா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. 'ம்' என்ற ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டே ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திவிடுவார்கள்.

இண்டூர் குப்புராஜை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி கிலோ நூறு ரூபாய்க்குப் போனபோதும் 'ம்', விலை படுத்து அதே தக்காளியை மாட்டுக்குக் கொட்டியபோதும் 'ம்'. மகள் பிரியதர்ஷினிக்கு வேலை கிடைத்த அன்று என்ன செய்தார் தெரியுமா? பைக்கைத் துடைத்தார். மூன்று முறை துடைத்தார். மனைவி நிர்மலா மட்டும் புரிந்துகொண்டு பாயசம் வைத்தாள்.

அந்த மகளுக்குப் பிடித்துப்போன பையன் இளம்பரிதி. அரூரில் இருக்கும் அவன் வீட்டைப் பார்க்கக் குப்புராஜும் நிர்மலாவும் போனார்கள். சம்பந்தம் பிடித்திருந்தால் அங்கே கை நனைக்க வேண்டும், அதாவது சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் கிளம்பினால் வேண்டாம் என்று அர்த்தம். குப்புராஜுக்கு வீடு பிடித்தது, பையனைப் பிடித்தது, அடுப்படியிலிருந்து வந்த வடை வாசனை ரொம்பவே பிடித்தது. மனசுக்குள் பந்தல் போட்டு, மேளம் கொட்டி, பேரனுக்குக் காதுகூடக் குத்தி முடித்துவிட்டார். முகம்? வெள்ளையடித்த சுவர்.

பையனின் அப்பா சந்திரமோகன் இருக்கிறாரே, அவரும் அதே இனம். இருவரும் அரை மணி நேரம் ஃபேனைப் பார்த்தார்கள். கை கழுவலாம் என்று குப்புராஜ் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வாசல் குழாய்ப் பக்கம் போனார். ஆள் கிளம்பிவிட்டார் என்றே நினைத்த சந்திரமோகன் பின்னாலேயே வந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். சொல்வாரா? "ம்" என்றார். இலை போட உள்ளே போயிருந்த நிர்மலாவை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். வழியனுப்பச் சந்திரமோகன், போக மனமில்லாமல் குப்புராஜ், இருவரும் வாய் திறக்காமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்கள். தர்மபுரி பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தபோது குப்புராஜின் போன் அடித்தது. மகள்.

"அப்பா, அவங்க வூட்ல சாப்ட்டீங்களா?"

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. வைத்த காலை இறக்கினார்.

"சம்பந்தி, பசிக்குதுங்க."

"ம்" என்றார் சந்திரமோகன். திரும்பிக்கொண்டார். தோள் துண்டை எடுத்து, பக்கத்தில் யாரோ நிறுத்தியிருந்த பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

சிரித்தீர்களா? மனசுக்குள் சிரித்தேன் என்கிறீர்களா? சரிதான். வாசலுக்குப் போய், உங்கள் பைக் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.