வலது கப்புப் பரணி

வாழ்க விஜயராஜ்! சாமை விளையும் சரிவுகளுக்கும் புளியம்பழம் உதிரும் சாலைகளுக்கும் நடுவே, ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்தின் எதிரே, எட்டடிக்குப் பத்தடித் தகரக் கொட்டகையில் கோலோச்சும் கோமானே, வாழ்க! பஞ்சர் பல்லாயிரம் ஒட்டிய பசைக்கரத்தோனே, கோணிய ரிம்மைக் கண்ணளவில் நிமிர்த்தும் கூர்விழியோனே, கிரீஸ் மணக்கும் லுங்கியோனே, வாழ்க! உன் புகழ் பாடப் புகுந்த எங்களுக்கு மண்ணெண்ணெயே துணை, ஸ்பேனரே காப்பு. ஏனெனில் நாங்கள் பாடப்போவது நீ எளிதாக வென்ற ஆயிரம் போர்களை அல்ல. நான்கு பகல் நீ முட்டியும் மோதியும் மயிரிழைகூட அசையாத ஒரு கப்பை.

கப்பு எது என்று அறியாதவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். களத்தின் அமைப்பு தெரியாமல் போரைப் பார்ப்பதில் சுவையில்லை. சைக்கிளின் இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு, சட்டத்தின் அடிவயிற்றில் ஒரு குட்டைக் குழாய்க்குள் ஓடுகிறது. அந்தக் குழாயின் இரு வாய்களையும் மரை வெட்டிய இரண்டு எஃகுக் கிண்ணங்கள் மூடுகின்றன. அவையே கப்புகள். கப்புக்கும் அச்சுக்கும் நடுவே பால்ரஸ் என்னும் குண்டுமணிகள் உருள்கின்றன. இடது கப்பு சாதுவானது. ஊறுகாய் பாட்டில் மூடியைப் போல இடப்பக்கம் திருப்பினால் கழலும். வலது கப்பின் குணம் வேறு. மிதிக்க மிதிக்க அது தானாகக் கழன்றுவரப் பார்க்கும் என்பதால், அதன் மரையை எதிர்த்திசையில் வெட்டிவைத்தார்கள். ஆகவே அதை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். விஜயராஜ் இருபத்திரண்டு ஆண்டுகளில் கழற்றிய அத்தனை சைக்கிளும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட அவர் ஒருவேளை சந்தேகிப்பார், வலது கப்பு வலப்பக்கம் கழலும் என்பதைச் சந்தேகிக்க மாட்டார்.

அத்தகைய வேந்தனின் வாயிலுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் பெயரிலி ஒன்று வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அரசு மருத்துவமனைச் செவிலி தேவயானி. போளூரில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த கிரில் கதவுக்கும் துருப்பிடித்த பம்புசெட்டுக்கும் நடுவே சிறைப்பட்டுக் கிடந்த அதை மீட்டு, பேருந்தின் கூரைமேல் ஏற்றி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கயிற்றைச் சரிபார்த்தபடி மலைக்குக் கொண்டுவந்திருந்தார். ஊர் ஊராக நடந்து தடுப்பூசி போடும் கால்களுக்கு ஒரு துணை வேண்டுமல்லவா?

ஆனால் அந்தத் துணைக்கு ஊர் பேர் இல்லை. முகப்பில் சின்னம் இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மட்டும் குருட்டுக் கண்களாய் விழித்தன. யாரோ மேலே பூசிய வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் ஓர் அழுக்கு நீலம் எட்டிப்பார்த்தது. எழுத்தென்று இருந்தவை இரண்டே. பெடல் அச்சுகளின் முனையில், ஒன்றில் D, இன்னொன்றில் G.

"மிதிச்சா கடகடன்னு அரைக்குதுண்ணா. இது எந்த ஊரு வண்டின்னும் தெரியல," என்றார் தேவயானி.

"எந்த ஊரா இருந்தா இன்னா சிஸ்டர்? போர்டைப் பாத்தீங்களா?" என்று விண்ணதிரச் சொல்லி, தலைக்குமேல் கை உயர்த்தினார் விஜயராஜ்.

அங்கே தொங்கியது அவருடைய வெற்றிக்கொடி. 'எல்லா வகை சைக்கிள்களும் பழுது பார்க்கப்படும்.' மற்ற சொற்கள் கறுப்பு. 'எல்லா' மட்டும் சிவப்பு. அதை அவரே தன் கையால் எழுதினார். எழுதிய அன்று அவர் மனைவி மங்கம்மாள், "எல்லான்னு போடாதீங்க, எதுனா ஒண்ணு வந்து நிக்கும்," என்று சொன்னதும், அதைக் கேளாத செவியோடு அவர் இன்னொரு கோட்டிங் சிவப்பு அடித்ததும் வரலாறு.

இடது கப்பு சாதுவாகக் கழன்றது. உள்ளே நொறுங்கிய குண்டுமணிகள் சேற்றோடு வந்தன. வலது கப்பின் உட்புறம் அம்மைத் தழும்பாய்க் குழிந்திருந்தது. அதை மாற்றாமல் வண்டி ஓடாது. விஜயராஜ் ஸ்பேனரை மாட்டி வலப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் திருப்பினார். அசையவில்லை.

இந்த வேளையிலா வரவேண்டும் அவன்? வந்தான், ஆலங்காயத்திலிருந்து டயர்களைத் தோளில் வளையமாக அணிந்து மொபெட்டில் மலையேறும் மாற்றான், சக்கரவர்த்தி! அடிவாரத்தில் கடை வைத்திருந்தாலும் மலைமீதே கண் வைத்திருந்த மாமன்னன்! வண்டியை ஒருமுறை வலம்வந்தான், மூக்கால் மோந்தான், முழங்கினான்.

"இது லண்டன் வண்டிபா. உன்னால ஆவாது."

"லண்டனாவது? நம்ம இருபத்தாறு ஒண்ணரை டயரு கச்சிதமா உக்காருது, பாரு! லூதியானாவுல செஞ்சதுதான்," என்று எதிர்முழங்கினார் விஜயராஜ்.

டயர் உட்கார்ந்தது உண்மை. ஐரோப்பாவில் வேறு எண் போட்டு விற்ற ஒரு பழைய டயரும் நம் இருபத்தாறு ஒன்றரையும் ஒரே அளவு என்பதை அந்த மலையில் அன்று எவரும் அறிந்திலர். அதைவிட உரத்த சாட்சி ஒன்று கடையிலேயே இருந்தது. விஜயராஜ் புதிய இடது கப்பு ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தபோது, அது ஒரு சுற்றுப் போய் இறுகி நின்றுவிட்டது. மரையின் இடைவெளி வேறு என்று அந்தக் கப்பு கத்திச் சொன்னது. "புதுசு, அதான் டைட்டு," என்று அதை மறுபடி டப்பாவில் போட்டார் நம் நாயகர்.

டீக்கடை சாட்சியாக வஞ்சினம் உரைக்கப்பட்டது. சந்தை நாள் உச்சிப்பொழுதுக்குள் வலது கப்பு கழல வேண்டும், வண்டியின் தேசமும் தெரிய வேண்டும். இல்லையேல் சக்கரவர்த்தி தன் கையாலேயே கறுப்புப் பெயின்டால் 'எல்லா'வை அழிப்பான். கழன்றால், ஆலங்காயத்தில் தன் போர்டின் அடியில் விஜயராஜ் கடையின் 'கிளை' என்று எழுதிக்கொள்வான்.

மூண்டது பெரும்போர். முதல் நாள் தேங்காய் எண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டார். இரண்டாம் நாள் துருவின் செருக்கை அடக்க மலைப் புளியைக் கரைத்துப் பூசினார். கப்பு பளபளத்தது, நகரவில்லை. மூன்றாம் நாள் ஊதுவிளக்கின் நெருப்பைக் காட்டினார். பெயின்டு கருகியது, கப்பு சிரித்தது. நான்காம் நாள் ஸ்பேனரின் பிடியில் ஐந்தடி நீளத் தண்ணீர்க் குழாயைச் செருகினார். கை நீண்டால் பலம் பெருகும். அரையடிப் பிடியில் ஓர் ஆள் தொங்கும் வலுவை, ஐந்தடிப் பிடியில் ஒரு கோழி உட்கார்ந்தே கொடுத்துவிடும். அந்தக் குழாயில் மூன்று பேர் தொங்கினார்கள்! புளிமூட்டை தூக்கும் தோளுடையார் மூவர்! எல்லாரும் வலப்பக்கம், வலப்பக்கம், வலப்பக்கமே!

அன்று மாலை தேவயானி ஒரு செய்தியோடு வந்தார். புதுச்சேரியில் அவரோடு நர்சிங் படித்த தோழியின் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெடல் எழுத்துகளை அவரிடம் போனில் கேட்டிருக்கிறார்.

"D-ன்னா அவங்க பாஷையில வலதாம், G-ன்னா இடதாம். இது பிரான்ஸ் வண்டிண்ணா."

"அது வித்தவன் போட்ட கடை மார்க்கு சிஸ்டர்," என்றார் விஜயராஜ், குழாயில் தொங்கியபடி.

"பெடலு எங்க வேணா வாங்கி மாட்டலாம். கப்பு பேசட்டும்," என்றான் டயர் போட வந்திருந்த சக்கரவர்த்தி. ஜென்மப் பகைவர்கள் இருவரும் ஒரே கருத்தில் நின்ற ஒரே தருணம் அது. இருவருமே தவறு.

விடிந்தது சந்தை நாள். சாமை மூட்டைகளும் தேன் பாட்டில்களும் பலாப்பழங்களும் கேட்பாரற்றுக் கிடக்க, வாங்க வந்தோரும் விற்க வந்தோரும் கொட்டகை முன் திரண்டனர். போர்டுக்கு நேர் கீழே இரும்புக் கம்பத்தோடு சேர்த்து வண்டி கயிற்றால் கட்டப்பட்டது, கைதான அரசனைப் போல. முதல் முயற்சியை மாற்றானுக்கே வழங்கினார் விஜயராஜ், அத்தனை பெருந்தன்மை! சக்கரவர்த்தியும் வலப்பக்கமே திருப்பினான். நெற்றி நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

இறுதித் தாக்குதலுக்கு விஜயராஜ் வியூகத்தை மாற்றினார். முன்புறம் நீண்டிருந்த குழாயை உருவி, வண்டியின் பின்புறம் நீளும்படி ஸ்பேனரை மாட்டினார். முன்னால் இருந்தபோது கீழே அழுத்த வேண்டும். பின்னால் வந்துவிட்டால் மேலே தூக்க வேண்டும். அப்போதுதான் அதே வலப்பக்கம் திரும்பும். குழாய்க்கு அடியில் தோள் கொடுத்து, கண் மூடி, பல் கடித்து, "ஏய்ய்ய்!" என்று எழுந்தார். கம்பம் கிறீச்சிட்டது. லுங்கி கிழிந்தது. கப்பு?

கப்பு அப்படியே இருந்தது.

பேருந்து நிலையக் கடிகாரம் பன்னிரண்டை நெருங்கியது. விஜயராஜ் போர்டைப் பார்த்தார். அந்தச் சிவப்புச் சொல் இல்லாமல் 'வகை சைக்கிள்களும்' என்று மிஞ்சப்போகும் அந்த மொட்டை வாக்கியத்தை மனக்கண்ணில் கண்டு, தரையில் அமர்ந்தார். "அழிச்சிக்கோபா," என்றார் மெல்ல. அந்தக் குரலைக் கேட்டு, தேன் விற்க வந்தவர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெயின்டு டப்பாவும் பிரஷ்ஷுமாகச் சக்கரவர்த்தி நிமிர்ந்தான். போர்டு எட்டவில்லை. "யக்கா, அந்த ஸ்டூலைக் குடு," என்றான்.

மங்கம்மாள் ஸ்டூலை இழுத்து, முந்தானையைச் செருகி, அதன்மேல் அரியணை ஏறியவளாக அமர்ந்தாள். "எங்க வூட்டு ஸ்டூல்மேல ஏறி எங்க வூட்டுக்காரர் எழுத்தையே அழிப்பியா? ஒரு டயர் விக்கத் துப்பில்ல, பெயின்டரு வேலைக்கு வந்துட்டான்! வேற எது மேலயாவது ஏறிச் சாவு!"

வேறு எது? அங்கே இருந்தது குழாய். கம்பத்தருகே, முழங்கால் உயரத்தில், வண்டியின் பின்புறம் நோக்கிப் படிக்கட்டைப் போல நீண்டிருந்தது அந்த ஐந்தடிக் குழாய். மூவர் தொங்கியும் அசையாத கப்பில் மாட்டியது, ஒருவனைத் தாங்காதா? ஒரு கையால் கம்பத்தைப் பற்றி, மறு கையில் டப்பாவையும் பிரஷ்ஷையும் சேர்த்து ஏந்தி, வலது காலைக் குழாயின் நுனியில் வைத்து, தன் எண்பது கிலோ மாட்சிமையையும் அதன்மேல் ஏற்றினான் சக்கரவர்த்தி. பின்புறக் குழாயைத் தூக்கினால் வலப்பக்கம் என்றோமே, மிதித்தால் எப்பக்கம்?

'டக்' என்றொரு ஓசை எழுந்தது. பீமன் அருவியே ஒரு கணம் நின்று கேட்டிருக்கும். குழாய் சரிந்தது. குழாயோடு மன்னன் சரிந்தான். மன்னனோடு டப்பா சரிந்து, எந்தச் சொல்லையும் அழிக்காமல் அவன் வெள்ளைச் சட்டையை மட்டும் முழுவதுமாக அழித்தது.

கூட்டத்தின் சிரிப்பு அடங்குமுன், விஜயராஜ் மண்டியிட்டு ஸ்பேனரைத் தொட்டார். ஆடியது. உருவி எறிந்துவிட்டு விரலாலேயே சுழற்றினார். வந்தது, எண்ணெயும் புளியும் நெருப்பும் கண்ட அந்தப் பெருங்கப்பு, வெண்ணெயில் இறங்கிய கத்தியாய், இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. கழன்ற கப்பின் மரைமேல் ஸ்கேலை வைத்து எண்ணினார். பத்து மில்லிமீட்டருக்குப் பத்து மரை. நம் வண்டிகளில் அங்குலத்துக்கு இருபத்து நான்கு. அங்குலக்காரர்கள் செய்த வண்டி அல்ல இது. மிதிக்கையில் கழலுமே என்று அஞ்சி மரையைத் திருப்பி வெட்டாமல், இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டி, கழலாதபடி இறுக்கி மட்டும் வைத்தவர்கள் செய்த வண்டி.

"அப்போ நாலு நாளா…" என்று தொடங்கினார் விஜயராஜ்.

"நீங்க இறுக்கிட்டு இருந்தீங்கண்ணா," என்று முடித்தார் தேவயானி. "புதுச்சேரி ஐயாகிட்ட இந்த கப்பு ரெண்டு கிடக்குதாம். நாளைக்குப் பஸ்ல வருது."

"கழட்டனது நானு!" என்று கறுப்புச் சட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

"கழண்டது எங்க கடையில. போய் 'கிளை'ன்னு எழுது," என்றாள் மங்கம்மாள், ஸ்டூலிலிருந்து இறங்காமலே.

தலைக்குமேல் 'எல்லா' சுடர்விட்டது. செவ்வொளி வீசும் அச்சொல்லின் கீழ், வேந்தர்க்கு வேந்தன், மரையறிந்த மாவீரன், நான்கு பகற்போரின் நாயகன், சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் பின்புறத்தைத் திருப்பி, கிரீஸ் படிந்த விரலால் பேனா பிடித்து, வருங்காலத் தலைமுறைகளுக்காக ஒரு வரி எழுதினார்.

பிரான்ஸ் சைக்கிளில் வலது கப்பையும் இடப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும்.