சின்னவளின் இடக்கைப் படிகம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான். இருப்பதே நானும் என் சின்ன மகளும். அதில் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்குத் தூக்கமில்லை. அங்கே அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். சின்னவளின் ஆராய்ச்சி ஒரு கசப்புக் கொடியைப் பற்றியது. அதன் வேரைக் காயவைத்து, அரைத்து, ஊறவைத்து, வடிகட்டி, கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி எடுத்தாள். பொடியாக இருந்தால் போதாதாம். படிகமாக வளர்ந்தால்தான் எக்ஸ்ரே பாய்ச்சி உள்ளே அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க முடியுமாம். அதற்காகச் சின்னக் குப்பிகளில் கரைத்து, மூடியில் ஊசியால் துளையிட்டு, அசையாமல் வைத்துக் காத்திருந்தாள். சாப்பாடு கொண்டுபோன நான் டப்பாவை அந்த மேஜையிலேயே ‘டொக்’கென்று வைத்தேன். ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்கு வாசலோடு சரி. குப்பி இருப்பது அங்கே, ஆனாலும் வீட்டில் தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

ஒருவழியாகப் படிகம் வந்தது, பிறகுதான் வினை. இந்தப் பொருளுக்கு நம் இரு கைகளைப் போல இரண்டு வடிவம் உண்டாம்: விரல்கள் அதேதான், ஆனால் வலக்கை உறை இடக்கைக்குச் சேராது. நமக்குக் கிடைத்தது எந்தக் கை என்று லேசில் தெரியாதாம். கனமான புரோமின் அணு ஒன்றை அதில் ஒட்டவைத்து, மறுபடி படிகம் வளர்த்து எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். எனக்குப் புரியட்டும் என்று பாத்திரம் கழுவும் கையுறைகளைக் கொடுத்தாள். நான் கை மாற்றிப் போட்டுக் கழற்ற முடியாமல் நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர் மணியடித்தார், முழங்கையால் கதவைத் திறந்தேன், அவர் என்ன நினைத்தாரோ, வந்த காரியத்தைச் சொல்லாமலே போய்விட்டார். அது கிடக்கட்டும். அவள் அப்படியே செய்து எடுத்த எக்ஸ்ரே சொன்ன விடை: இடக்கை. ஆனால் ஒரு பெரிய ஆய்வகம் இந்தக் கொடியில் இருப்பது வலக்கை என்று எப்போதோ அச்சிட்டுவிட்டது. அவளுடைய பேராசிரியர் கூப்பிட்டு, அவ்வளவு பெரிய இடத்தில் தப்புப் பண்ணியிருக்க மாட்டார்கள், நீயும் வலம் என்றே எழுதிக் கொடு, பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டாள். நானும் சொல்லிப் பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் நமக்கென்ன என்றேன். அவள் கோபப்படவில்லை.

“அப்பா, நாளைக்கு இதை யாரோ ஒருத்தர் மருந்துன்னு நம்பிச் சாப்பிடுவாங்க. ஒரு கை குணப்படுத்தும், இன்னொரு கை கெடுதல் பண்ணினாலும் பண்ணும். நான் பாத்தது ஒண்ணு, எழுதினது ஒண்ணுன்னா, அந்த ஆளுக்கு நான் என்னப்பா பதில் சொல்றது?”

முகம் தெரியாத ஒருவருக்காக இவ்வளவு யோசிக்க இவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பெற்ற மனசு, பட்டம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பதறுகிறது. அவள் காது கொடுத்துக் கேட்பது உங்கள் பேச்சைத்தான். ஒரு போன் போட்டு, விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் எல்லோரும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: போன் செய்ய வேண்டாம். இப்போதுதான் வந்தாள். மிச்சமிருந்த கொடியைத் தாவரவியல் அம்மா ஒருவரிடம் காட்டினாளாம். அவர் லென்ஸில் பார்த்து, இது அந்தக் கொடியே இல்லை, அதற்குத் தங்கை முறை, இலையின் அடியில் இருக்கும் மெல்லிய ரோமம் மட்டும்தான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டார். அக்கா கொடி வலக்கையைச் செய்கிறது, தங்கை கொடி இடக்கையை. பெரிய ஆய்வகமும் சரி, இவளும் சரி. பார்த்ததையே எழுது என்று பேராசிரியரும் சொல்லிவிட்டாராம். ஆக, மேலே நான் கேட்டது எதுவும் இனி தேவையில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவள் சொன்ன வார்த்தை இதில் இருக்கிறது, அத்தான். அதை நீங்களும் ஒரு முறை படிக்க வேண்டும் என்றுதான் அனுப்புகிறேன்.